இனி அண்ணாந்து பார்க்கலாம்



பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீடுகளில் கணக்குப் பார்க்கும் காலமும் பிறந்துவிடும். காலபோக நெல் விற்ற காசில் எவ்வளவு மிஞ்சியது, நுண்கடன் தவணை எத்தனை பாக்கி, வரப்போகும் பண்டிகைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கலாமா, கிணற்றுத் தண்ணீர் ஆவணி வரை தாங்குமா என்று ஆயிரம் யோசனை. குனிந்த தலை நிமிராமலே நாள் போய்விடுகிறது.

அதே நாட்களில் எங்கள் தலைக்கு மேலே பெரியதொரு புறப்பாடு நடக்கிறது. புரட்டாதி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து, எங்கள் குளங்களிலும் வயல்களிலும் கடல்நீரேரிகளிலும் ஆறேழு மாதம் தங்கியிருந்த பறவைகள், மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும் வரை கூட்டங்கூட்டமாகத் திரும்பிப் போகின்றன. இன்று குளம் நிறையத் தாராக்கள் நிற்கும். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் கிடக்கும்.

இம்மாதம் இந்தப் புறப்பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "கடனோடும் கவலையோடும் நிற்கிற எங்களுக்குக் குருவி பார்க்கச் சொல்லிக் கட்டுரையா?" என்று உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இது எங்களுக்கு மிகவும் சொந்தமான ஒரு விடயம் என்பது போகப் போகத் தெரியும்.

எங்கிருந்து வருகின்றன? ஏன் போகின்றன?

உலகப் படத்தை எடுத்து இலங்கையிலிருந்து நேர் தெற்கே விரலை ஓட்டிப் பாருங்கள். அந்தாட்டிக்காவின் பனிக்கட்டி வரை பெரிய நிலம் எதுவும் இல்லை. ஆகவே சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் தெற்கே வரும் பறவைகளுக்கு எங்கள் தீவுதான் கடைசித் தரிப்பிடம். இந்த நெடுவழியை மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 30 நாடுகளின் மேலாக அது செல்கிறது. இலங்கையில் இதுவரை பதிவான பறவையினங்கள் ஏறத்தாழ 500. அவற்றில் பாதியளவு வெளியிலிருந்து வந்து போகிறவை.

"இங்கே சாப்பாடு இருக்கிறதே, பிறகு ஏன் போகவேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். பங்குனிக்குப் பிறகு வடக்கே பகல் நீளத் தொடங்குகிறது. பனி உருகி, பூச்சி புழுக்கள் பெருகுகின்றன. வடதுருவத்தை அண்டிய நிலங்களில் கோடையின் நடுவில் சூரியன் மறைவதே இல்லை. இரவு பகலாக இரை தேடிக் குஞ்சுகளை வளர்க்கலாம். கூடு கட்டவும் பரந்த இடம் உண்டு. பகற்பொழுது மாறுவதைப் பறவையின் உடல் தானாகவே உணர்ந்துகொள்கிறது. நாட்கள் நெருங்க நெருங்க அது அமைதியின்றித் தவிக்கிறது. பிறகு சூரியனையும் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் துணைகொண்டு வழி பிடிக்கிறது. பல இனங்கள் இரவில்தான் பறக்கின்றன. நாங்கள் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் வேளையில் அவை எங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

மேலை நாடுகளில் இதனை வசந்தகால வலசை என்பார்கள். கனடாவில் உறவினர் உள்ளவர்கள் கேட்டுப் பாருங்கள். அங்கே ஈரி ஏரிக்கரையில் பொயின்ற் பீலி என்றொரு தேசியப் பூங்கா 1918ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தென்னமெரிக்கப் பக்கமிருந்து ஏரியைக் கடந்து வரும் சின்னஞ்சிறு குருவிகள் களைத்துப்போய்க் கரையோர மரங்களில் இறங்குவதைப் பார்க்க ஒவ்வொரு மே மாதமும் மக்கள் திரண்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது வரவேற்கும் காலம். எங்களுக்கோ வழியனுப்பும் காலம்.

மன்னாரின் குளமும் சேற்றுநிலமும்

நான் வேலை செய்யும் மன்னார் மாவட்டத்தையே எடுத்துச் சொல்கிறேன். முருங்கன் பக்கத்தில் இருக்கும் கட்டுக்கரைக் குளத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அருவி ஆற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணையில் மறித்து இந்தக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மிகப் பழைய காலத்துக் குளம். 1954இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அணைக்கட்டிலும் கரையிலும் மருதும் பாலையும் நிழல் தருகின்றன. தாமரையும் அல்லியும் மூடிக் கிடக்கும் ஓரங்களில், வால் நீண்ட இலைக்கோழிகள் இலைமேலே நடந்து திரியும். அவை எங்கள் ஊரவை, எங்கும் போகாதவை. அவற்றோடு கலந்து நிற்கும் சிறிய தாராக்களில் சிலவற்றின் ஆண்களுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு வளைந்து ஓடும். நீலச்சிறகி என்று நூல்கள் சொல்லும் அவை ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்த நிலத்தில் குஞ்சு பொரிப்பவை. மின்கம்பியில் வரிசையாக இருந்து தும்பி பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டான், வால் கத்தரிபோலப் பிளந்திருக்கும் தகைவிலான் குருவி, எல்லாமே போகத் தயாராகி நிற்பவைதாம்.

தள்ளாடியைத் தாண்டி மன்னார்ப் பாலத்தை நோக்கிப் போகும்போது இருபுறமும் பரந்து கிடக்கும் உவர்நிலமும் ஆழமில்லாத நீரும் வங்காலைச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் இது அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டயர். நீர்ப்பறவைகள் நாட்டுக்குள் நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் இதுதான். பூநாரைகளும், வால் ஊசிபோல நீண்ட தாராக்களும், நீண்ட அலகுள்ள மூக்கன்களும், சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் சிறிய உள்ளான்களும் இங்கே ஆயிரக்கணக்கில் கூடும். இந்தப் பகுதியில் கடற்புறாக்களுக்குச் சிறிய செய்மதிக் கருவிகளைப் பொருத்திய கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை உருசியாவின் வடதுருவக் கரைவரை போய் வருவதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

எங்கள் காது ஏற்கெனவே கற்ற பாடம்

சகோதரிகளே, இனித்தான் நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

எங்களில் முப்பது வயதைக் கடந்த எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். ஹெலியின் சத்தம் வேறு, பொம்மரின் சத்தம் வேறு என்று தெரியும். சகடை எது, கிபிர் எது என்று தெரியும். வன்னியில் இருந்தவர்களுக்கு ஆளில்லாமல் வட்டமிட்ட வண்டின் இரைச்சல் இன்றும் காதில் நிற்கிறது. எந்தத் திசையிலிருந்து வருகிறது, பதிந்து வருகிறதா, சுற்றிவிட்டு வருமா என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிப் பங்கருக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே கணித்தவர்கள் நாங்கள். எந்தப் பள்ளிக்கூடமும் இதை எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

பறவை பார்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுவே. சத்தம், திசை, உருவம், பறக்கும் விதம், வரும் நேரம். நாங்கள் உயிர் தப்புவதற்காகப் பழகிய கண்ணும் காதும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ஆனால் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் பலரிடம் இல்லை. போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும், தலைக்கு மேலே ஏதாவது இரைந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் பெண்களை நான் கிழமைதோறும் சந்திக்கிறேன். வீடு திரும்பக் கிடைத்தது. காணி சிலருக்குக் கிடைத்தது. வானம் மட்டும் இன்னும் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு பங்குனிக் காலையில், பெண் தலைமைத்துவக் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரோடு கட்டுக்கரை அணைக்கட்டுக்குப் போயிருந்தேன். சேமிப்புக் குழுக் கூட்டம்தான் வழமையாக நடக்கும். அன்று கூட்டத்தைக் குளக்கரையில் வைப்போம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். ஆறு மணிக்கெல்லாம் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரேயொரு பைனாகுலர்தான் இருந்தது. அது இல்லாமலே அவர்கள் கண்டவை அதிகம். மருத மரத்துக்குள் அடங்கிக் கிடந்த குருவியைச் சத்தத்தை வைத்தே ஓர் அக்கா காட்டித் தந்தார். இன்னொருவர், "மிஸ், இவ்வளவு நேரம் பயமில்லாமல் வானத்தைப் பாத்தது இண்டைக்குத்தான்" என்றார்.

குழுவில் ஒரு முஸ்லிம் சகோதரியும் இருந்தார். 1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே திருமணம் முடித்து, பிறகு மன்னாருக்குத் திரும்பியவர். "இந்தச் சின்ன உள்ளானைப் புத்தளத்துக் களப்பிலயும் கண்டிருக்கிறன். அப்ப இதுகள் ஊருக்குப் போகுதுகள் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உம்மாவுக்குச் சொல்லியிருப்பன்" என்றார். அவருடைய உம்மா திரும்பி வராமலே புத்தளத்தில் மௌத்தாகியவர்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பறவைகளின் பயணத்தையும் எங்கள் இடப்பெயர்வையும் ஒன்றாகப் பேசுவது மேடைகளில் வழக்கம். எனக்கு அது பொருத்தமாகத் தெரியவில்லை. பறவை தன் காலம் அறிந்து புறப்படுகிறது, போகும் இடமும் திரும்பும் இடமும் அதற்குத் தெரியும். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து மழையோடு மழையாக நடந்தவர்களுக்கும், 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுக்கும் அப்படி எதுவும் தெரியாது. அவர்கள் துரத்தப்பட்டவர்கள்.

புறப்படுமுன் உண்பதும் உடுப்பதும்

ஆனாலும் பறவைகள் பயணத்துக்கு ஆயத்தமாகும் விதத்தில் நாங்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. புறப்படுவதற்கு முந்திய கிழமைகளில் அவை வழமையை விட அதிகம் உண்கின்றன. தோலுக்குக் கீழே கொழுப்பைச் சேர்க்கின்றன. சில கரைப்பறவைகளின் எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அந்தக் கொழுப்புத்தான் வழிச்சோறு. 2022இல் பட்டைவால் மூக்கன் இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதப் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. இந்த இனம் சிறிய எண்ணிக்கையில் மன்னார்ச் சேற்றுநிலங்களுக்கும் வருகிறது.

வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவதுதான் தாய்மை என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் மதியச் சாப்பாட்டையே தவிர்க்கிறார்கள். குருதிச்சோகையோடு கூலி வேலைக்குப் போய் மயங்கி விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நீண்ட தூரம் போகவேண்டிய உயிர் முதலில் தன் வயிற்றைப் பார்க்கும். அதில் சுயநலம் எதுவும் இல்லை. உங்களுக்கும் நீண்ட பயணம் இருக்கிறது. ஒரு முட்டையென்றாலும் உங்களுக்கென்று எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, நிறம். வளைந்த அலகுள்ள சிறிய உள்ளான் ஒன்று வங்காலையில் நிறைய நிற்கும். மார்கழியில் பார்த்தால் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் அதன் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறமாக மாறத் தொடங்கும். சைபீரியாவின் வடகரையில் கூடு கட்டப் போகிறது என்பதற்கு அது அடையாளம். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கணவனை இழந்து பதினெட்டு வருடமாகிய ஓர் அக்கா, "இது நிறம் மாத்தினால் ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

எல்லாப் பறவைகளும் போவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். கரைப்பறவைகள் பலவற்றில் முதல் வருடத்துக் குஞ்சுகள் அந்தக் கோடையில் இங்கேயே நின்றுவிடும். உடம்பு முற்றாதவை, போதிய கொழுப்புச் சேராதவை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளும். "இன்னுமா மறக்கவில்லை, இன்னுமா எழும்பவில்லை" என்று துயரப்பட்டவர்களை அவசரப்படுத்தும் உறவினர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒரு புலவரும் ஒரு தாயும்

பறவை பார்ப்பது வெள்ளைக்காரரின் பழக்கம் என்று நினைக்கவேண்டாம். சத்திமுற்றப் புலவரின் தனிப்பாடலைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். வறுமையோடு மதுரையில் குளிரில் கிடந்த புலவர், வானத்தில் போகும் நாரையிடம் ஊரிலிருக்கும் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். அந்தப் பாடலில் நாரைகள் தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புகின்றன. அவற்றின் சிவந்த காலையும், பிளந்த பனங்கிழங்கு போன்ற அலகையும் புலவர் சரியாகக் கவனித்திருக்கிறார். செங்கால் நாரை உண்மையாகவே குளிர்காலத்தில் தெற்கே வந்து, வெயில் ஏற வடக்கே போகும் பறவைதான். பிரிந்திருந்தவர்தான் அதைக் கவனித்தார் என்பது எனக்கு முக்கியமாகப்படுகிறது.

பெண்களிலும் இப்படி ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் பீபி ஸ்னெட்சிங்கர் என்பவர் நான்கு பிள்ளைகளின் தாய். 1965இல் அயல்வீட்டுப் பெண் கொடுத்த பைனாகுலரில், கழுத்து செம்மஞ்சளாக ஒளிரும் சிறு குருவியொன்றைக் கண்டார். அன்று தொடங்கிய ஆர்வம். 1981இல் தோல் புற்றுநோய் முற்றிவிட்டது, ஒரு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர் பறவை பார்க்கப் புறப்பட்டார். அதற்குப் பின்னும் 18 வருடம் வாழ்ந்து, 8,000க்கு மேற்பட்ட பறவையினங்களைக் கண்டார். இடையில் 1986இல், பப்புவா நியூகினியில் பயணம் செய்தபோது பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதற்குப் பிறகும் பயணத்தை நிறுத்தவில்லை. 1999இல் மடகஸ்காரில் வாகன விபத்தில் இறந்தார். அவருக்குப் பணவசதி இருந்தது, எங்களுக்கு இல்லை. ஆனால் அவரைத் தொட்ட முதற் குருவி வீட்டுப் பக்கத்தில் காசில்லாமல் கண்டதுதான்.

பறவைகளைக் காண்பதும் கேட்பதும் மனதுக்கு நல்லது என்பதற்கு ஆய்வும் உண்டு. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் ஏறத்தாழ 1,300 பேரின் அன்றாட மனநிலையைப் பதிவுசெய்து 2022இல் வெளியிட்டார்கள். பறவையைக் கண்ட அல்லது கேட்ட வேளைகளில் மனநிலை மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அது தெரிந்தது. அதற்காக இதை மருந்தென்று எண்ணிவிடாதீர்கள். நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், சாகவேண்டும் என்ற எண்ணத்தோடு நாட்கள் போனால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ கட்டாயம் போகவேண்டும்.

பதில் இல்லாத ஒரு கேள்வி

அன்று எங்களோடு வந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மா, 2009 வைகாசியில் தன் கையாலேயே மகனைக் கையளித்தவர். அதன் பின் அவரைக் காணவில்லை. பறவைகள் ஐப்பசியில் திரும்பவும் வரும் என்று நான் சொன்னபோது, "பிள்ளை, வாயில்லாத சீவன் இவ்வளவு தூரம் போட்டுத் திரும்பி வருது. என்ர பிள்ளை போன இடம் பக்கத்திலதானே" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பறவையை உவமை காட்டி அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை இந்த நாட்டுக்கு இருக்கிறது. அதைக் குளத்துப் பறவைகளின் தலையில் ஏற்றக்கூடாது. அரை மணித்தியாலம் கழிந்திருக்கும். அதே அம்மா கொப்பியை வாங்கி, "உந்த மூக்கு நீண்டதுக்கு என்ன பேர் எழுதினனீங்கள்?" என்று கேட்டார். இரண்டும் ஒரே காலையில் நடந்தவை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நீங்களும் தொடங்கலாம்

இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு பழைய அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரையும், பின்னேரம் வெயில் தணிந்த பிறகும் நல்ல நேரம்.

பறவையைக் கண்டதும் பெயரைத் தேடவேண்டாம். குருவியளவா, மைனாவளவா, காகமளவா, கோழியளவா என்று முதலில் எழுதுங்கள். அலகு நீளமா கட்டையா, நேரா வளைவா, கால் என்ன நிறம், வால் எப்படி, தண்ணீரில் நின்றதா, மரத்திலா, மின்கம்பியிலா, என்ன செய்தது, என்ன சத்தம் போட்டது என்று குறியுங்கள். திகதியும் இடமும் போடுங்கள். ஊரில் மீன்பிடிக்கும், இறால் வடிக்கும் பெண்களிடம் கேட்டால் அவர்கள் ஒரு பெயர் சொல்வார்கள். அந்தப் பெயரையும் கட்டாயம் எழுதி வையுங்கள். எத்தனையோ ஊர்ப்பெயர்கள் எழுதப்படாமலே இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. காலையும் மாலையும் ஆறு மணிபோலக் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் பெற்ற குருவியும் இந்தியாவின் வடபகுதிகளில் கூடுகட்டி, இங்கே விருந்துக்கு வருவதுதான். ஐப்பசியில் களைத்து வீட்டுக்குள் வந்து விழும். சித்திரையில் போய்விடும்.

தனியே போகாதீர்கள், மூன்று நான்கு பேராகப் போங்கள். ஒரு பெண் குளக்கட்டில் சும்மா நின்றால் ஊர் கதைக்கும். மதகில் ஆண்கள் நாள் முழுக்க இருந்தால் ஒருவரும் கதைப்பதில்லை. சமூகவியல் படித்த நாட்களில், ஓய்வு என்பதும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படாத ஒரு சொத்து என்று கற்றோம். மாதர் சங்கக் கூட்டத்தைக் குளக்கரைக்கு மாற்றிக்கொண்டால் அந்தச் சொத்தில் எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

மிக முக்கியமானது: வீதியையும் அணைக்கட்டையும் ஆட்கள் வழமையாகப் போய்வரும் பாதையையும் விட்டு இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை எங்கள் பகுதிகளில் எல்லா இடமும் முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகையையோ எல்லை நாடாவையோ கண்டால் திரும்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பறவைகளைக் கலைக்கவேண்டாம். பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் பறவையை ஒருமுறை கிளப்பினால் அது சேர்த்ததில் கொஞ்சம் அழிந்துபோகும். கண்ணி வைத்துப் பிடித்துத் தாரா இறைச்சி விற்பதும் சட்டப்படி குற்றம். குளங்களில் பொலித்தீன் கொட்டுவதையும், நீரேரியை மண் போட்டு நிரப்புவதையும் கண்டால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டன. அதன் பின் வந்த திட்டங்களைப் பற்றி 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கிக் கேள்வி கேட்டதையும் அறிவீர்கள். மின்சாரமும் வேண்டியதுதான். ஆனால் பறவைகள் இறங்கும் சேற்றுநிலமும் எங்கள் கரைவலையும் இறாலும் இருக்கும் இடமும் ஒன்றே. எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று பேசும் கூட்டங்களில் பெண்களும் இருக்கவேண்டும். இத்தனையாம் திகதி இத்தனை பறவை இந்த இடத்தில் நின்றது என்று எழுதிய கொப்பி கையில் இருந்தால் எங்கள் சொல்லுக்குப் பாரம் கூடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு தை மாதமும் நடப்பதும் இப்படியான சாதாரண மனிதரின் குறிப்புகளைக் கொண்டுதான்.

சித்திரை முடிவதற்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் குளத்தில் இப்போது என்ன நிற்கிறது, என்ன போய்விட்டது என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். கண்டவற்றின் பெயரை, பெயர் தெரியாவிட்டால் உருவத்தை, உங்கள் ஊர் வழக்கத்திலேயே எழுதி இப்பகுதிக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றைத் தொகுத்துத் தருகிறேன். ஐப்பசியில் முதலாவது கூட்டம் வந்திறங்கும்போது, எதுவெது திரும்பி வந்தது என்று கொப்பியை விரித்துப் பார்ப்பவர்களாக நாங்கள் இருப்போம்.